பண்ணையில் பிறந்த நீர்நாய்க்குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?

தாழம்பூ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சின்ன நகமுள்ள ஆசிய நீர்நாய்க்குட்டி ஒன்றை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. விற்பவர் சொல்வது இதுதான்: குட்டி காட்டில் பிடித்ததில்லை, கூண்டில் பிறந்தது. கண் திறக்கும் முன்பே தாயிடமிருந்து எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததால் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சான்றிதழும் தருகிறாராம். மடியில் மல்லாந்து படுத்துக் கூழாங்கல்லை உருட்டி விளையாடும் காணொளிகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

மூன்று சந்தேகங்கள். பிறந்ததிலிருந்து மனிதர் கையிலேயே வளர்ந்தால் அது வீட்டு விலங்கு ஆகிவிடாதா? குளியல் தொட்டி, தினமும் மீன், வெளியே கூட்டிப்போக ஒரு கழுத்துவார், இவ்வளவு போதுமா? கிளி, ஆமை, பாம்பு என்று பலரும் வளர்க்கிறார்களே, அவையும் காட்டுயிர்தானே, கோட்டை எங்கே போடுவது?

---

காட்டுச்சேவல்

முதல் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டால் மற்றவை சுலபம். ஒரு குட்டியைப் பழக்கினால் அந்த ஒரு உயிருக்கு மனிதர்மேல் இருக்கும் பயம் போகும். அதன் உடம்பில் ஊறிய நடத்தை எதுவும் மாறாது. அது மாற வேண்டுமானால் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பல தலைமுறை இனப்பெருக்கம் செய்ய வேண்டும். நாய்க்கு அது நடந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன.

இதற்குக் கண்முன்னே ஒரு சோதனை இருக்கிறது. சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் நோவோசிபிர்ஸ்கில் வெள்ளி நரிகளை வைத்து ஆரம்பித்தார். அந்த நரிகள் ரோமப் பண்ணைகளிலிருந்து வந்தவை. அதாவது, ஏற்கெனவே பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தவை. அப்படியிருந்தும் கூண்டுக்குள் கை நீட்டினால் பெரும்பாலானவை சீறின, கடித்தன, அல்லது மூலையில் ஒடுங்கின. ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சாதுவான சிலவற்றை மட்டும், பெண்ணில் பத்தில் ஒன்று, ஆணில் அதற்கும் குறைவு என்ற அளவில், எடுத்து இணை சேர்த்தார்கள். நான்காம் தலைமுறையில்தான் மனிதரைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் தென்பட்டன. ஆறாம் தலைமுறையில் கையை நக்கி, முனகி, கவனத்துக்கு ஏங்கும் குட்டிகள் வந்தன. ஆக, "கூண்டில் பிறந்தது" என்பதற்கு மட்டும் ஒரு மதிப்பும் இல்லை. உங்கள் குட்டியின் தாய் தந்தையை யாரும் சாதுத்தனத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காணொளியில் வருபவை எல்லாம் குட்டிகள். எந்த விலங்கின் குட்டியும் தன்னை வளர்ப்பவரை நம்பித்தான் பிழைக்கிறது, அதனால் சாதுவாக இருக்கிறது. பருவம் வந்ததும் நிலை மாறும். நீர்நாய்க்கு அது சுமார் இரண்டு வயதில், மக்காக் குரங்குக்கு மூன்றிலிருந்து ஐந்துக்குள். அந்த வயதில்தான் எல்லை பிடிப்பது, வீட்டில் ஒருவரைத் தன் துணையாக எண்ணி மற்றவரைக் கடிப்பது எல்லாம் ஆரம்பிக்கும். நேற்று வரை செல்லமாக இருந்தது இன்று திடீரென்று கடித்தது என்பார்கள். அது திடீரென்று இல்லை, வயசு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டிராவிஸ் என்ற சிம்பன்ஸியைக் குட்டியிலிருந்து வீட்டில் ஒருவராக வளர்த்தார்கள். 2009இல், கிட்டத்தட்ட 90 கிலோ எடையோடு இருந்தபோது, அதற்கு நன்கு பழக்கமான ஒரு பெண்ணின் முகத்தையும் கைகளையும் சிதைத்துவிட்டது. காவலர் அதைச் சுட்டுக் கொன்றார். நீர்நாய் மூன்று, நான்கு கிலோதான், உயிர்ச்சேதம் வராது. ஆனால் நண்டு ஓட்டை நொறுக்க அமைந்த பல் அது. விரலில் பட்டால் தோலோடு நிற்காது.

நீர்நாய்க்கே உரியதைச் சொல்கிறேன். இந்த இனம் தனியாக வாழ்வதில்லை. ஒரு ஆணும் பெண்ணும், அவற்றின் முந்தைய ஈற்றுக் குட்டிகளும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வரை ஒரே குடும்பமாக இருக்கும். பத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு குரல்களில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். காணொளியில் கீச்சுக் குரலில் கத்துவதைச் செல்லம் கொஞ்சுவதாக எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அது தன் கூட்டத்தைத் தேடும் அழைப்பு. பதில் வராவிட்டால் நிறுத்தாது. பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். எல்லையைக் குறிக்க எச்சமிட்டு அதைக் காலாலும் வாலாலும் தேய்த்துப் பரப்பும். குடும்பத்துக்கு அடையாள வாசனை அதுதான். மெத்தை, சோபா, செருப்பு எதுவும் தப்பாது. அடித்துத் திருத்த முடியாது. குறி அழியும்போதெல்லாம் இன்னும் அதிகமாகப் போடும்.

கண் திறக்கும் முன் பிரித்தது என்று பெருமையாகச் சொல்கிறாரே, எனக்கு அதுதான் முதல் அபாயக் குறி. இவை கண் திறக்கவே ஐந்தாறு வாரம் ஆகும். நீந்தப் பிறவியிலேயே தெரியாது. மூன்று மாத வாக்கில் பெற்றோர்தான் தண்ணீருக்குள் இழுத்துக் கற்றுத்தரும். சமூகமாக வாழும் விலங்கைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1950, 60களில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளில் செய்த சோதனைகளே போதும். ஆடிக்கொண்டே இருப்பது, தன்னையே கட்டிக்கொள்வது, தன்னையே கடித்துக்கொள்வது. பின்னால் எவ்வளவு அன்பு காட்டியும் பல குட்டிகள் முழுதாக மீளவில்லை.

சான்றிதழ் பற்றி: இந்த இனம் 2019இல் சைட்டஸ் என்ற, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு கடத்தி விற்க முடியாது. அதனால்தான் "கூண்டில் பிறந்தது" என்ற முத்திரைக்கு இவ்வளவு கிராக்கி. பெற்றோரின் மைக்ரோசிப் (தோலடியில் செலுத்தும் அடையாளச் சில்லு) எண், அவற்றைப் பெற்ற வழியின் ஆவணம், பிறந்த தேதி, குட்டியின் சிப் எண் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். பெற்றோரை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் குட்டி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் வைத்திருக்க அனுமதி உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். அதை வனத்துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

---

விலங்கு வைத்தியம்

இரண்டாவது சந்தேகத்துக்கு என் பங்கு.

முதலில் மீன். கடையில் வாங்கிய மீனை உறையவைத்துத் தினமும் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. நெத்திலி, கெண்டை போன்ற சில வகைகளில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். உறைபெட்டியில் வைத்தாலும் அதன் வேலை நிற்காது. சில வாரங்களில் பசி குறையும், நடை தள்ளாடும், அப்புறம் வலிப்பு. மீன் தின்னும் விலங்குகளுக்குக் காப்பகங்களில் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் பி1 மாத்திரையும், கூடவே ஈ உயிர்ச்சத்தும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இந்த இனம் காட்டில் அதிகம் தின்பது நண்டும் நத்தையும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரு நாளில் தின்னும், அதையும் பல வேளையாக. கூண்டில் வாழ்பவற்றுக்குச் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் ஆக்ஸலேட் கற்கள் உருவாவது மிகச் சாதாரணம். விலங்குக்காட்சிச் சாலைகளே இன்னும் இதோடு போராடுகின்றன.

அடுத்து தண்ணீர். தொட்டியில் நீந்தியபடியே கழிக்கும், அந்த நீரையே குடிக்கும். வடிகட்டி இல்லாவிட்டால் ஒரே நாளில் நாறும். அதைவிடப் பெரிய பிரச்சினை ரோமம். நீர்நாய்க்குத் தோலடியில் தடிமனான கொழுப்பு கிடையாது. அடர்ந்த உள்ரோமத்துக்குள் சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாலும், நீரில் எண்ணெய்ப் பசை இருந்தாலும், ஈரம் துடைத்துப் புரள உலர்ந்த மண்ணோ வைக்கோலோ இல்லாவிட்டாலும், அந்த ரோமம் ஒட்டிக்கொண்டு நீர் உள்ளே இறங்கும். விரலால் விலக்கிப் பாருங்கள். நல்ல ரோமமானால் மேலே நனைந்திருந்தும் அடியில் தோல் உலர்ந்திருக்கும். அடியும் ஈரமானால் நிமோனியா அதிக தூரத்தில் இல்லை.

தடுப்பூசியிலும் சிக்கல் உண்டு. டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்க்கு எதிராக நாய்க்குப் போடும் ஊசியில் பலவீனமாக்கிய உயிர்க் கிருமி இருக்கும். நீர்நாய் சேர்ந்த குடும்பத்தில் சில இனங்களுக்கு அந்த ஊசியே நோயைக் கொடுத்துக் கொன்றிருக்கிறது. கேனரிபாக்ஸ் என்ற பறவை அம்மைக் கிருமி வழி தயாரித்த ஊசிதான் பாதுகாப்பானது, அது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. வெறிநோய் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கடித்தபின் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது நாய், பூனை போன்ற வீட்டு விலங்குகளுக்கு மட்டுமே செல்லும் கணக்கு. காட்டுயிர் கடித்தால் காத்திருக்கக் கூடாது. சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். பல இடங்களில் கடித்த விலங்கைக் கொன்று மூளையைச் சோதிப்பதுதான் நடைமுறை. ஒரே ஒரு கடி, உங்கள் செல்லத்தின் உயிர் போய்விடும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எட்டும் தூரத்தில் உள்ள கால்நடை மருத்துவர்களிடம் "நீர்நாய்க்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவம் உண்டா" என்று கேளுங்கள். வளர்ந்த நீர்நாய்க்கு இரத்தம் எடுக்கவும் பல் பார்க்கவும்கூட மயக்கம் கொடுத்தாக வேண்டும். யாரும் இல்லையென்றால் அதுவே பதில்.

மற்ற விலங்குகளிலும் கதை இதுவே, உறுப்பு மட்டும் மாறும். பெரும்பூனைக் குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் போட்டால், கறியில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கு மேல் இருப்பதால், உடம்பு எலும்பைக் கரைத்துச் சரிக்கட்டும். மேசையிலிருந்து குதித்தாலே கால் ஒடியும். குரங்கு தன் உடம்பில் சி உயிர்ச்சத்தைத் தயாரிக்காது. மக்காக் குரங்கு பலவற்றிடம் ஹெர்பிஸ் பி கிருமி எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். மனிதருக்குத் தொற்றுவது அரிது. தொற்றிச் சிகிச்சை தாமதமானால் பத்தில் ஏழு பேர் பிழைப்பதில்லை. 2003இல் அமெரிக்காவில் குரங்கம்மை வந்ததும் செல்லப்பிராணி வணிகம் வழியாகத்தான். கானாவிலிருந்து வந்த கொறிவிலங்குகளுக்கு அருகே வைத்திருந்த பிரெய்ரி நாய்களுக்கு (பெயர்தான் நாய், அதுவும் அணில் குடும்பக் கொறிவிலங்கு) தொற்றி, அவற்றை வாங்கியவர்கள், தொட்டவர்கள் என 47 பேரை எட்டியது.

ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு வகையையும் சொல்லியாக வேண்டும், காணொளி என்று பேச்சு வந்ததால். அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினால் கைகளைத் தூக்கிக் காட்டுமே, அது சுகத்தில் அல்ல. முழங்கையின் உட்புறம் உள்ள சுரப்பியை வாய்க்கு எட்டவைத்து, அதை எச்சிலில் கலந்து விஷக்கடி கடிக்கத் தயாராகும் நிலை அது. அதனால்தான் விற்பவர்கள் நகவெட்டியால் பல்லை வெட்டிவிடுகிறார்கள், மயக்க மருந்து இல்லாமல். ஈறு சீழ்பிடித்துப் பல சாகின்றன. அந்த ஒரு விருப்பக்குறி யாருக்குப் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

---

பல்லிப்பெட்டி

மேலே சொன்ன இருவரோடும் நீர்நாய் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் "காட்டுயிர் எதுவும் வேண்டாம்" என்று ஒரே வீச்சில் முடிக்கக் கூடாது. மூன்றாவது சந்தேகத்துக்கு இனம் இனமாகத்தான் பதில் சொல்ல முடியும். நான் பார்ப்பது: தனியாக வாழும் இனமா, முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிது, அதன் வெப்பம், ஈரம், வெளிச்சத்தை ஒரு பெட்டிக்குள் உண்மையாகவே தர முடியுமா, பல தலைமுறை கூண்டுப் பிறப்பு உள்ள வம்சமா, கடைசியாக, அதன் ஆயுள் என் ஆயுளுக்குள் அடங்குமா.

இப்படிப் பார்த்தால் கார்ன் ஸ்நேக் என்ற சோளப்பாம்பு, பந்து மலைப்பாம்பு போன்ற சில தேறும், சட்டம் இடம்கொடுக்கும் இடங்களில். அவற்றிலும் பிழை நடக்கும். பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25, 26 என்று சரிவாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும். ஒரே மறைவிடம் வைத்தால் வெப்பமா, பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரும். பெரும்பாலும் பாதுகாப்பையே தேர்ந்தெடுத்துச் செரிமானம் கெட்டுக் கக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பத்தட்டில் வயிறு வெந்தாலும் விலகிப்போகத் தெரியாமல் கிடக்கும். ஆயுள் 20, 30 ஆண்டு. கடையில் உண்ணிகளோடும் பழைய தழும்புகளோடும் இரையைத் தொடாமலும் இருந்தால், அது பெரும்பாலும் காட்டில் பிடித்தது. விட்டுவிடுங்கள்.

ஆமை, ஓணான் வளர்ப்போர் எல்லோரும் தவறவிடுவது புற ஊதா பி கதிர். அது இல்லாமல் தோலில் டி3 உருவாகாது, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொடுத்தாலும் ஒட்டாது. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது, ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பயனில்லை. விளக்கிலும் வெளிச்சம் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் தீர்ந்துவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். தாடை ரப்பர் போல வளைந்தால், ஓடு அமுங்கினால், அது பல மாதப் புறக்கணிப்பு.

சிவப்புக்காது நீர் ஆமையைத் தேறாத பக்கத்தில் வைக்கிறேன். நாணயம் அளவில் விற்கிறார்கள். அது 25 சென்டிமீட்டருக்கு வளர்ந்து 30 ஆண்டு வாழும். அந்த அளவுக்கு 400 லிட்டர் தொட்டி வேண்டும். சமாளிக்க முடியாமல் குளத்தில் விட்டவர்களால் இன்று உலகின் மிக மோசமான ஊடுருவி இனங்கள் நூறில் ஒன்றாகப் பட்டியலில் இருக்கிறது. மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா கிருமி அதன் குடலில் இயல்பாகவே உண்டு. சோதனையில் இல்லை என்று வந்தாலும் நாளைக்கு வெளியேற்றலாம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இலேயே தடை போட்டது, சிறு பிள்ளைகள் வாயில் வைத்ததால்தான்.

கிளிகளும் என் கணக்கில் தேறாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேல் வாழும், பகல் முழுக்கக் கூட்டம் தேடும். தனிக் கூண்டில் தன் இறகையே பிடுங்கி மார்பு வெறுந்தோலாகும். சூரியகாந்தி விதை மட்டும் தின்றால் ஏ உயிர்ச்சத்துக் குறைந்து மூச்சுப்பாதை கெடும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி வெறுமனே அடுப்பில் காய்ந்தால் எழும் புகையில் சில நிமிடத்தில் செத்துவிடும். கூண்டில் பிறந்ததா என்று அறிய மூடிய கால்வளையம் பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும், வளர்ந்த காலில் நுழையாது. வெட்டி ஒட்டிய வளையமானால் அதற்கு அர்த்தமே இல்லை.

---

தாழம்பூ

நன்றி. வாங்கும் பேச்சை நிறுத்தியாயிற்று. துணைக் கேள்வி இரண்டு. தாயை இழந்த குட்டி வழியில் கிடைத்தால் என்ன செய்வது? ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா?

---

தூக்கணாங்குருவி

கிடைத்த குட்டி உண்மையில் அநாதையா என்பதை முதலில் பாருங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தரையில் தத்தும் பறவைக்குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாயை மட்டும் விலக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே இல்லாத குஞ்சைக் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. மான்குட்டியைத் தாய் மணிக்கணக்கில் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். முயல் ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் பாலூட்ட வரும். இப்படித் "காப்பாற்றப்பட்டவை" பல, உண்மையில் தூக்கிச் செல்லப்பட்டவை.

காயம், பூனைக்கடி, தாய் செத்துக் கிடப்பது, உடம்பு சில்லிட்டிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தால் எடுக்கலாம், கையுறையோடு. வௌவாலை ஒருபோதும் வெறுங்கையால் தொடாதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, பாதிப் பெட்டிக்கு மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி, மேலே இருட்டு. சூடு, பிறகு நீர்ச்சத்து, பிறகுதான் உணவு. இந்த வரிசை மாறக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் இயங்காது, ஊட்டிய பால் அழுகும். பசும்பால் வேண்டவே வேண்டாம், பேதியாகும். பறவையின் மூச்சுத்துளை நாக்கின் பின்பகுதியில் திறந்தே இருக்கிறது. வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பூனை கடித்ததானால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் ஒரு நாளுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி தேவை. இவ்வளவும் மீட்பு மையத்துக்குப் போகும்வரைதான். கொஞ்சாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். மனிதரைத் தன் இனம் என்று பதித்துக்கொண்ட குட்டியைப் பின்னர் யாராலும் காட்டுக்கு அனுப்ப முடியாது.

வாங்கிவிட்டவர்களுக்கு: காட்டில் விடாதீர்கள். இரை பிடிக்கத் தெரியாது, மனிதரைக் கண்டு ஓடாது, சொந்த இனத்தின் எல்லைக்குள் நுழைந்தால் கடிபட்டுச் சாகும். உங்கள் வீட்டுக் கிருமியையும் கூடவே கொண்டுபோகும். பிழைத்துவிட்டாலோ வேறு ஆபத்து. அமெரிக்காவின் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பரவிய பர்மிய மலைப்பாம்புகள் செல்லப்பிராணி வணிகத்திலிருந்து போனவை. அவை அதிக காலம் இருக்கும் பகுதிகளில் ரக்கூன்கள் தென்படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012இல் வந்த ஆய்வு காட்டியது.

வனத்துறையையோ அங்கீகாரம் பெற்ற காப்பகத்தையோ அணுகுங்கள். நல்ல காப்பகம் விலங்கை விற்காது, குட்டி போடவிடாது, பார்வையாளரைத் தொட்டுப் படம் எடுக்கவிடாது. இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அது வேறு பெயரில் இயங்கும் வியாபாரம். பருவம் வரும்வரை இழுக்காமல் சிறு வயதிலேயே கொடுத்தால் தன் இனத்தோடு சேர வாய்ப்பு அதிகம்.

---

விலங்கு வைத்தியம்

ஒரு சேர்க்கை. ஒப்படைக்கும்போது தாளில் எழுதிக்கொடுங்கள்: என்ன தின்கிறது, எத்தனை கிராம், எந்த நேரத்தில், போட்ட ஊசிகள், கடைசியாக எடுத்த எடை, யாரைக் கடித்தது. கடித்ததை மறைக்காதீர்கள், கையாளுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். இன்னும் புட்டிப்பால் குடிக்கும் குட்டியானால் அந்தப் பால்மாவையும் நான்கைந்து நாளுக்குப் போதுமான அளவு கூடவே அனுப்புங்கள். புதுப் பாலைப் பழையதோடு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்றித்தான் மாற்ற முடியும். ஒரே வேளையில் மாற்றினால் பேதியாகி இரண்டு நாளில் நீர்வற்றிப் போகும்.